அவர்கள் பேசும்வரை காத்திருந்த மிரியம் அக்கா

மிரியம் அக்கா காலமானார். புதன்கிழமை விடியற்காலையில், மந்தைவெளி வீட்டில், தூக்கத்திலேயே. முதலில் எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அதே கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் ஜெயா மாமி. உறுதி செய்தவர், வந்து பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்த டாக்டர். அன்று பொழுது சாய்வதற்குள், நகரத்தில் யூதர்களுக்கென்று எஞ்சியிருக்கும் சிறிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. அதற்கு நானே நேரடிச் சாட்சி.

ஒரு மரணத்தை இப்படி, யார் சொன்னது, யார் உறுதி செய்தது என்று பிரித்துச் சொல்வது சிலருக்கு வறட்சியாகப் படலாம். அக்காவுக்குப் படாது. எங்கள் பத்திரிகையின் தி.நகர் கிளையில், காலமானார் விளம்பரங்களை வாங்கும் கவுண்டரில், பணி ஓய்வு பெறும்வரை இருந்தவர் அவர். உயிரோடு இருக்கும் மாமனாருக்குக் கோபத்தில் நினைவஞ்சலி கொடுக்க வந்த ஒரு மருமகனை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர். செய்தியாளர்களான எங்களிடமும் அதே கேள்விதான். "யார் சொன்னா? டாக்டர் சொன்னாரா, மச்சான் சொன்னாரா? மச்சான் சொன்னா இன்னொரு தடவை கேளு தம்பி."

உங்களில் பலர் அவரை அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். குட்டையான உருவம். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர ஓர் அவசரம். பெயரைக் கேட்டுக் கிறிஸ்தவர் என்று நினைத்தவர்கள் உண்டு. மரியம் என்று எடுத்துக்கொண்டு முஸ்லிம் என்று நினைத்தவர்களும் உண்டு. அக்கா யாரையும் திருத்தமாட்டார். "ரெண்டு பண்டிகைக்கும் வாழ்த்து வருது, நமக்கென்ன நஷ்டம்?" என்பார்.

அவர் யூதர். கொச்சியில் பிறந்து, அப்பாவுக்குத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்ததால் சிறுமியாகச் சென்னைக்கு வந்தவர். உறவினர்கள் எல்லாம் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறியபோது இவர்கள் குடும்பம் மட்டும் ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் அக்கா சொல்லும் காரணம் இது: "அப்பாவுக்குக் கப்பல்னா வாந்தி. ஹார்பர்ல வேலை பார்த்தாரே தவிர ஒரு நாளும் கப்பல்ல கால் வச்சதில்ல. அதனாலதான் நாங்க மந்தைவெளிக்காரங்க." பெற்றோர் போன பிறகு அக்காவும் தம்பி எலியாஸும் அந்த மாடிவீட்டில் இருந்தார்கள். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஊரில் யூத வரன் கிடைக்கவில்லை என்பது எலியாஸ் சொல்லும் காரணம். இவனை யார் பார்த்துக்கொள்வது என்பது அக்கா சொன்ன காரணம்.

அக்காவின் கவுண்டரில் ஒரு விசித்திரம் இருந்தது. வேறெந்தக் கவுண்டரிலும், வந்தவரைப் பார்த்ததும் "என்ன வேணும்?" என்பார்கள். அக்கா கேட்கமாட்டார். தடுப்புக்கு உள்பக்கம், தன் மேசையை ஒட்டி ஒரு நாற்காலி போட்டிருந்தார். வந்தவரைக் கையசைத்து உள்ளே அழைத்து உட்காரவைப்பார். தானும் உட்கார்ந்துகொள்வார். அவர்கள் வாய் திறக்கும்வரை இவர் வாய் திறக்கமாட்டார். சிலர் உட்கார்ந்ததும் சொல்லிவிடுவார்கள். சிலர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே வரிசை நீளும். விளம்பர மேலாளர் ஒருநாள் பொறுக்கமுடியாமல் வந்து, "மேடம், பின்னாடி கியூ நிக்குது" என்றார். அக்கா மெல்லிய குரலில், "நிக்கட்டும் சார். இந்த கியூல யாருக்கும் அவசரமில்ல" என்றார்.

நான் காரணம் கேட்டேன். "எங்க வழக்கம் தம்பி. துக்க வீட்டுக்குப் போனா, துக்கத்துல இருக்கறவங்க முதல்ல பேசணும். அதுவரைக்கும் போனவங்க பேசக்கூடாது. அவங்க பேசவே இல்லையா, பேசாம உக்காந்துட்டு எழுந்து வந்துடணும்."

"இது ஆபீஸ்தானே அக்கா?"

"வர்றவங்களுக்கு இது ஆபீஸா தெரியுதா?"

அந்த நாற்காலியில்தான் அந்தோணியம்மா வந்து உட்கார்ந்தார். பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் மீன் விற்பவர். கூடையை வாசற்படியில் வைத்துவிட்டு வந்திருந்தார்; மீன் வாடைக்கு வரிசையில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அன்று ஏதோ வேலையாகக் கிளைக்கு வந்திருந்தேன். அந்தோணியம்மா வெகுநேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு திடீரென்று சண்டைக்கு வந்தவர் போலக் கேட்டார்.

"எங்கம்மாக்கு போட்டா இல்ல. போட்டா இல்லாங்காட்டி பேப்பர்ல போட மாட்டீங்களாமே?"

"யார் சொன்னா?"

"எங்கூட்டாண்ட பேசிக்கினாங்க."

"அவங்களுக்குத் தெரியாது. அம்மா எப்டி இருப்பாங்க? நீ சொல்லு."

அந்தோணியம்மா சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் பத்திரிகையில், மற்றவர்களுக்குப் படம் இருக்கும் கட்டத்துக்குள் அவருடைய அம்மாவுக்கு ஒரு வாக்கியம் இருந்தது: கூடையைக் கையால் பிடிக்காமல் தலையில் வைத்தே அடையாறு பாலத்தைக் கடப்பவர். அன்று குப்பத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டாத வீடு இல்லை என்று அந்தோணியம்மா இன்றும் சொல்கிறார். அவர் சொன்னதுதான், நான் போய் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவர் மந்தைவெளிக்கு மீனோடு வரத் தொடங்கினார். அதில் ஒரு சிக்கல். யூத முறைப்படி, செதிலும் துடுப்பும் உள்ள மீனைத்தான் அக்கா சாப்பிடுவார். ஆசையாக நண்டு கொண்டுவந்தால் அப்படியே திரும்பிப் போகும்.

"நண்டு வாணாம், எறா வாணாம், சொறா வாணாம். இன்னாத்துக்கும்மா நீ மெட்ராஸ்ல கீற?"

"செதில் இருக்கா பாரு, அந்தோணி."

"மீனுக்கு ஜாதகம் பாக்குற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்."

இந்தச் சண்டை வாரம் தவறாமல் படிக்கட்டில் நடக்கும். இருவரும் அதை ரசித்தார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

இன்னொன்று சொல்லவேண்டும். தி.நகரில் துணிக்கடை நடத்திய, தென்மாவட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பெரியவர் இறந்துபோனார். விளம்பரம் கொடுக்க இரண்டு மகன்கள் வந்தார்கள். மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், கடைகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. "பொண்ணுங்க இல்லையா?" என்று அக்கா கேட்டார். மூத்த மகன் "இல்ல" என்றார். சின்னவர் தரையைப் பார்த்தார். கொடுத்தபடியே விளம்பரம் வந்தது. மறுநாள் சின்னவர் மட்டும் தனியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கடைசியில் சொன்னார். ஒரு தங்கை உண்டு. வேறு சாதியில் திருமணம் செய்துகொண்டு அடையாறில் இருக்கிறாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம், "நீ அடையாறுலதானே இருக்கே? என்னோட வா" என்றார். போனோம். அந்த வீட்டுக்கு அதுவரை ஒருவரும் துக்கம் கேட்க வந்திருக்கவில்லை. கணவர் கதவைத் திறந்து, யாரென்று புரியாமல் உள்ளே விட்டார். அந்தப் பெண் நன்றாக உடுத்தி, தலை சீவி, தொலைக்காட்சியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். தொலைக்காட்சியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. வெங்காயம் வதங்கி, தக்காளி வதங்கி, அது முடிந்து இன்னொன்று ஆரம்பமானது. அப்போதுதான் அந்தப் பெண் பேசினார்.

"நான் அழலாமா? அதுகூட எனக்குத் தெரியல. நான்தான் அவங்களுக்குப் பொண்ணே இல்லையே."

அக்கா சொன்னார்: "அப்பா, அம்மா, பெத்த பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, கட்டினவங்க. துக்கம் காக்கவேண்டியவங்க இவங்கன்னு எங்க முறையில இருக்கு. அது உரிமை இல்லம்மா, கடமை. கொடுத்ததைத்தான் பறிக்க முடியும். இது யாரும் உனக்குக் கொடுத்ததில்ல."

அந்தப் பெண் அதன் பிறகு அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. அந்த வாரம் முழுதும் அக்கா தினம் போனார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று விடைபெறும்போது அக்கா ஏதோ முணுமுணுத்தார். ஆட்டோவில் வரும்போது என்னவென்று கேட்டேன். கடவுளுக்கு அவர்கள் மொழியில் 'இடம்' என்று ஒரு பெயர் உண்டாம். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது, அந்த இடம் உன்னைத் தேற்றட்டும் என்று சொல்வார்களாம்.

"ஏன் அக்கா, வேற பேரே இல்லையா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி. துக்கத்துல இருக்கறவங்க சாமி எங்கேன்னுதானே தேடுவாங்க. அதுக்காக இருக்கும்."

மந்தைவெளித் தெருவுக்கு இந்த வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது ஜெயா மாமியின் கணவர் இறந்த நாட்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வாசலிலேயே, எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, முன்னாலேயே காட்டியிருக்கக்கூடாதா என்று கேட்க, மாமி முதலிலிருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். அக்கா படியிறங்கி வந்து வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "நாமா எதையும் விசாரிக்க வேணாம். மாமி சொன்னா காதைக் கொடுங்க. சொல்லலைன்னா சும்மா உக்காருங்க" என்று சொல்லி அனுப்பினார். முதலில் சிலருக்குக் கோபம். பிறகு அது தெருவின் பழக்கமாகவே ஆகிவிட்டது. "போன் பண்ணி அழறவாதான் இப்போ பாக்கி. அவாளுக்கும் மிரியம் ஒரு வழி பண்ணியிருந்தா நன்னாயிருக்கும்" என்பார் மாமி.

பணி ஓய்வுக்குப் பிறகு அக்கா இதையே வேலையாக வைத்துக்கொண்டார். மயிலாப்பூர், அடையாறு, பாலவாக்கம் என்று, தெரிந்தவர் தெரியாதவர் துக்க வீடுகளுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆள் இல்லாத வீடாக இருந்தால் தண்ணீர் பிடித்து வைப்பார், வந்தவர்களின் செருப்பை ஒழுங்குபடுத்துவார். ஏன் இவ்வளவு அலைகிறீர்கள் என்று கேட்டதற்கு, "உயிரோட இருக்கறவங்களுக்குச் செஞ்சா நாளைக்கு நமக்குத் திருப்பிச் செய்வாங்கன்னு ஒரு மூலையில தோணும். செத்தவங்களுக்குச் செய்யும்போது அந்த நினைப்பே வராது. சுத்தமா இருக்கும்" என்றார்.

சென்ற வாரம் அவருக்குச் செய்யும் முறை வந்தது.

உடலைக் குளிப்பாட்ட யூதப் பெண் ஒருவராவது வேண்டும். பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் இஸ்ரேல்காரர் ஒருவரின் மனைவி வந்தார். இளம்பெண், இதற்கு முன் செய்ததில்லை. கைப்பேசியில் தன் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். தண்ணீர் முகந்து கொடுத்தவர் அந்தோணியம்மா. இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. வெளியே வந்தபோது அந்தப் பெண் அந்தோணியம்மாவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில்தான் அது நடந்தது. யூதர்கள் இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஒரு வேண்டுதல் உண்டு. கதீஷ் என்று பெயர். அதை நெருங்கிய உறவினர் சொல்லவேண்டும். ஆனால் தனியாகச் சொல்ல முடியாது. எலியாஸ் பின்பற்றும் முறைப்படி, பத்து யூத ஆண்கள் கூடி நின்றால்தான் சொல்லலாம். அன்று கல்லறையில் நாங்கள் நிறையப் பேர் இருந்தோம். மயிலாப்பூரிலிருந்து, தி.நகரிலிருந்து, குப்பத்திலிருந்து. யூத ஆண்கள் நான்கு பேர்: எலியாஸ், பெருங்குடிக்காரர், அவருடைய நண்பர் ஒருவர், பெரம்பூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். எலியாஸ் சட்டையின் வலப்பக்கத்தைப் பிடித்து ஒரு கையகல நீளத்துக்குக் கிழித்தார். அது அவர்களின் முறை. பிறகு வாயைத் திறந்து, சுற்றிப் பார்த்து, மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. ஜெயா மாமி நிலைக்கண்ணாடியை வேட்டியால் மூடினார்; மனைப்பலகை கொண்டுவந்து போட்டார். எலியாஸ் அந்தக் கிழிந்த சட்டையோடு பலகையில் உட்கார்ந்தார். தட்டாமலே யாரும் வரலாம் என்பதற்காகக் கதவு திறந்தே கிடந்தது. முதல் வேளை உணவு அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதாக இருக்கவேண்டும். வாய் இல்லாத பண்டம், முட்டையோ பருப்போ. துக்கப்படுகிறவருக்கு வாய் இல்லை என்பதற்கு அடையாளம். இதை அக்கா எப்போதோ சொல்லி, மாமி பாதி நினைவில் வைத்திருந்தார். எனக்குத் தொலைபேசி வந்தது.

"முட்டை அந்தோணி பாத்துக்கறாளாம். நான் வடை தட்டிண்டு வரலாமான்னா, நடுவுல ஓட்டை இருக்கே? அது வாயோல்லியோ?"

மாமி போண்டா போட்டுக் கொண்டுவந்தார். துக்க வீட்டில் போண்டாவை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் எலியாஸ் வாய் திறக்கவில்லை. எனவே யாரும் திறக்கவில்லை. வியாழக்கிழமை முழுதும், வெள்ளிக்கிழமை பகல் முழுதும் அந்தக் கூடம் நிறைந்திருந்தது, சத்தமே இல்லாமல். அக்கா கற்றுக்கொடுத்ததை அத்தனை பேரும் அவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடித்தார்கள். தண்ணீர் கேன் போட வந்தவர்கூட, திறந்த கதவுக்குள் இத்தனை பேர் பேசாமல் இருப்பதைப் பார்த்து, கேனை இறக்கிவைத்துவிட்டுத் தானும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். படிக்கட்டில் அந்தோணியம்மா என் காதில், "இன்னா நைனா இது, பரீட்சை எழுதற மாரி குந்திக்கினு கீறோம். அந்தாளு பேசாங்காட்டி இன்னா பண்றது?" என்றார். எனக்கும் அதே கவலை. எலியாஸ் சாப்பாட்டைத் தொடுகிறார், வைக்கிறார். வயதானவர். அக்கா இல்லாத வீட்டில் இப்படியே அவர் அடங்கிப்போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

வெள்ளி மாலை தொடங்கி சனி மாலைவரை அவர்களுக்கு ஓய்வு நாள். அன்று துக்கத்தை வெளியே காட்டக்கூடாது. எலியாஸ் கிழிந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டார். சனிக்கிழமை பொழுது சாய்ந்து நட்சத்திரம் தெரிந்ததும், மறுபடி பலகையில் உட்காருவதற்காக அந்தச் சட்டையைத் தேடினார். கொடியில் இல்லை. ஜெயா மாமி உள்ளிருந்து அதைக் கொண்டுவந்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து.

"கிழிசலோட உக்காந்துண்டிருக்கேளேன்னு மனசு கேக்கலை எலியாஸ். நானே தைச்சுட்டேன். எங்கே கிழிஞ்சதுன்னு கண்டுபிடிங்கோ பாப்போம்."

மாமியின் கைத்தையல் தெருவில் பெயர்போனது. எலியாஸ் சட்டையைப் பிரித்து விளக்கருகே கொண்டுபோனார். வலப்பக்கம் தடவினார். இடப்பக்கம் தடவினார். கூடத்தில் இருந்த எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்தோம். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டும் சேர்ந்துவிட்டது.

"மாமி," என்றார். புதன்கிழமைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் சொல். "மாமி, இது கிழிஞ்சேதான் இருக்கணும்."

"ஐயையோ! ஏன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"நான்தான் பேசலையே."

"எவ்ளோ நன்னா தைச்சேன்! கடங்காரி நான். கொடுங்கோ, பிரிச்சுடறேன்."

"மெதுவா பிரிங்க. அவசரமில்ல."

மாமி ஓர் ஊக்கை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்து, தான் போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். எலியாஸ் பேசத் தொடங்கினார். சின்ன வயதில் அக்கா தன்னைத் தோளில் வைத்துக்கொண்டு தெப்பத் திருவிழா காட்டியது; தனக்குக் காய்ச்சல் வந்தபோது வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டது; கோபம் வந்தால் மலையாளத்தில் திட்டுவது. கூடத்தில் அடைந்திருந்த பேச்செல்லாம் வெளியே வந்தது. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர். அந்தோணியம்மா அக்காவைப் போலவே மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நடித்துக் காட்டினார். எலியாஸ் அன்று இரண்டு போண்டா சாப்பிட்டார்.

அதன் பிறகுதான் மனதில் இருந்ததைச் சொன்னார். "ஊரெல்லாம் போய் உக்காந்தா. அவளுக்குன்னு ஒரு கதீஷ் சொல்ல என்னால முடியல. அவளுக்குப் பிள்ளையா குட்டியா? நான் ஒருத்தன்தான். கூடப்பிறந்தவங்களுக்கு ஒரு மாசம்தான் துக்கம். அதுக்குள்ள சொன்னாதான் உண்டு."

"பத்து ஆம்பளைங்க தானே? எங்க குப்பத்துலேர்ந்து நூறு பேர இட்டாறேன்," என்றார் அந்தோணியம்மா.

"அது யூதங்களா இருக்கணும் அந்தோணியம்மா."

"ஏன், நாங்க நின்னா ஒங்க சாமிக்குக் காது கேக்காதா?"

எலியாஸ் முகம் சிவந்தது. யோசித்துச் சொன்னார்: "கேக்கும். எங்க குரலைவிட உங்க குரல் நல்லாவே கேக்கும். ஆனா நீ எவ்ளோ ஆசையா நண்டு கொண்டுவந்தாலும் அவ தொட்டாளா?"

"தொட மாட்டா."

"உன்மேல பிரியம் இல்லாமலா?"

அந்தோணியம்மா புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார். "சரி வுடு. செதிலு கீற ஆளாப் பாத்துப் புடிப்போம்" என்றார். எலியாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. தொலைபேசியில் ஆள் தேடுவதுதானே என் பிழைப்பு. சென்னையில் எவ்வளவு தேடியும் ஆறு பேரைத் தாண்டவில்லை. மும்பையில் சிரமமில்லாமல் பத்துப் பேர் கிடைப்பார்கள் என்று பெரம்பூர்காரர் சொன்னார். எலியாஸ் தலையாட்டி மறுத்தார். அங்கே மிரியத்தை யாருக்கும் தெரியாது. கொச்சியில் அவள் பிறந்த தெருவாவது இருக்கிறது என்றார். கொச்சி ஜெப ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரோடு பேசினேன். அங்கேயும் நிரந்தரமாகப் பத்துப் பேர் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டுதான் தொழுகை. முயன்று பார்க்கிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை துக்க வாரம் முடிந்தது. பலகையிலிருந்து எழுந்து, வீட்டைவிட்டு வெளியே வந்து தெருவை ஒருமுறை சுற்றி நடப்பது முறை. மறுபடி மனிதர்களோடு சேர்வதற்கு. எலியாஸ் படியிறங்கியபோது தெருவே செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருந்தது. காய்கறி வண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். மெதுவாக ஒரு சுற்றுப் போய்வந்தோம்.

மிரியம் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒரு துயர வீட்டுக்குள் போனால் இப்போது நான் பேனாவை எடுப்பதில்லை. கேள்வியோடு போவதில்லை. உட்கார்ந்துகொள்கிறேன். பல நாட்கள் செய்தி கிடைக்காமலே திரும்பியிருக்கிறேன். ஆசிரியரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். கிடைத்த நாட்களில், அது அவர்களாக எனக்குக் கொடுத்ததாக இருந்தது.

இதை எழுதி முடிக்கும் நேரத்து நிலவரம். எலியாஸுக்குக் கொச்சி ரயிலில் டிக்கெட் எடுத்தாயிற்று. ஜெயா மாமியும் அந்தோணியம்மாவும் கூடப் போகிறார்கள். எண்ணிக்கையில் வரமாட்டீர்களே, எதற்கு அலைச்சல் என்று எலியாஸ் அந்தோணியம்மாவிடம் கேட்டிருக்கிறார். "நீ சொல்லச் சொல்லக் கேக்கறவங்க ஆமென் சொல்லணும்ல? அது எனக்குத் தெரியும்யா. சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கினுதான் கீறேன்," என்றாராம். மாமிக்கு அந்தச் சொல்லை அவர்தான் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

கொச்சிப் பெரியவர் நேற்றுச் சொன்னபடி, எலியாஸையும் சேர்த்து எட்டுப் பேர் உறுதி. மற்ற இருவர் இஸ்ரேலிலிருந்து வரவேண்டிய ஒரு சுற்றுலாக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் பயணம் இன்னும் முடிவாகவில்லை. துக்க மாதம் முடிவதற்குள் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பத்துப் பேர் ஆவார்களா என்பது வரும் வெள்ளிக்கிழமை, இருட்டுவதற்குள் தெரிந்துவிடும்.